பன்றி விரட்டிப் பெட்டி: டிஏசி சிப் ஒன்றே பேட்டரியைத் தின்கிறது, குறைந்த கரண்டில் வேறு என்ன இருக்கிறது?

கந்தப்பளைக் கரட்

எல்லாருக்கும் வணக்கம். லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) பின்னால் எங்களுக்கு ஒரு துண்டு தோட்டம் இருக்கிறது. உருளைக்கிழங்கு, ஓரத்தில் லீக்ஸ், கொஞ்சம் கரட். கிழங்கு முற்றுகிற நேரம் பார்த்துக் காட்டுப்பன்றி இறங்கும். ஒரே இரவில் இரண்டு பாத்தியை உழுதுவிட்டுப் போய்விடும். அப்பா முன்பெல்லாம் டின்னைத் தட்டிக்கொண்டு காவல் இருப்பார், இப்போது அவருக்குக் குளிர் ஒத்துக்கொள்வதில்லை. கம்பிச் சுருக்கு வைக்கச் சொன்னார்கள். பன்றிக்கு வைத்த சுருக்கில் சிறுத்தைதான் மாட்டிக்கொள்கிறது, அது வேண்டாம் என்று வீட்டில் முடிவு.

அதனால் ஒரு பெட்டி செய்தேன். மண்ணில் அடித்த இரும்புக் கம்பியின் தலையில் ஒரு பியசோ தட்டு ஒட்டியிருக்கிறது. பன்றி நடந்தால் நிலம் அதிரும், பியசோ கொஞ்சம் வோல்ட் தரும். அதை ஒரு கம்பரேட்டர் ஒரு எல்லை வோல்டேஜோடு ஒப்பிடும். எல்லையைத் தாண்டினால் தூங்கிக்கொண்டிருக்கும் ஏடிமெகா328பி என்ற சின்னக் கம்ப்யூட்டர் சிப் விழித்து பஸரை அடிக்கும், சிவப்பு எல்ஈடியை மின்னவிடும். அவ்வளவுதான்.

முதலில் எல்லையை ஒரு சின்னத் திருகு ரெசிஸ்டரால் வைத்தேன். வெயில் காலத்தில் அருமை. மழை தொடங்கியதும் ஒவ்வொரு துளிக்கும் கத்தியது. பக்கத்து லயத்துக்காரர்கள் பன்றியே பரவாயில்லை என்று சொல்லிவிட்டார்கள். மழை பெய்யும்போது எல்லையை ஏற்ற வேண்டும், விட்டதும் இறக்க வேண்டும். அதற்காக எம்சிபி4725 டிஏசி (எண்ணை வோல்டேஜாக மாற்றும் சிப்) மாட்யூல் ஒன்று போட்டேன். இப்போது சரியாக வேலை செய்கிறது. ஆனால் 2000 மில்லி ஆம்பியர் மணி 18650 லித்தியம் செல் ஒன்று ஆறு வாரம்தான் வருகிறது. மீட்டரில் 1.9 மில்லி ஆம்பியர் காட்டுகிறது. குறைந்த கரண்டில் ஓடும் டிஏசி ஏதாவது சொல்லுங்கள்.

சோல்டர் சேர்

தம்பி, நல்ல வேலை. ஆனால் பழியைத் தவறான ஆள் மேல் போடுகிறீர்கள். எம்சிபி4725 சாதாரணமாக 210 மைக்ரோ ஆம்பியர் குடிக்கும், டேட்டாஷீட்டில் உச்சம் 400. மீதி 1.5 எங்கே போகிறது? கம்பரேட்டரையும் மாட்யூலாக வாங்கினீர்களா? அதில் பவர் எல்ஈடி ஒன்று இரவும் பகலும் எரிந்துகொண்டிருக்குமே.

கந்தப்பளைக் கரட்

ஆமாம் சேர், நீல நிறத்தில் சின்ன மாட்யூல். எல்எம்393. எல்ஈடி எரிகிறதுதான், அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

சோல்டர் சேர்

வெட்கப்பட ஒன்றும் இல்லை, எல்லாரும் தாண்டி வந்த பாலம்தான். எல்ஈடியைப் பிடுங்குங்கள். எல்எம்393-ஐயும் தூக்கிவிட்டு எம்சிபி6541 போடுங்கள். அது ஒரு மைக்ரோ ஆம்பியருக்கும் குறைவு. ரெகுலேட்டர் (வோல்டை நிலையாக வைக்கும் சிப்) எது? ஏஎம்எஸ்1117 இருந்தால் அதுவே தனியாக 5 மில்லி ஆம்பியர் விழுங்கும். உங்கள் மொத்தமே 1.9 என்பதால் அது இல்லை என்று நினைக்கிறேன்.

கந்தப்பளைக் கரட்

ரெகுலேட்டர் எம்சிபி1700, 1.6 மைக்ரோதான். மற்ற இரண்டையும் செய்துவிட்டேன், கொழும்பு போன மாமா புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடி வாங்கி வந்தார். இப்போது மொத்தம் 217 மைக்ரோ ஆம்பியர். அதில் 210 டிஏசி! மற்ற எல்லாரும் சேர்ந்து ஏழு. கல்யாண வீட்டில் எல்லாரும் போன பிறகும் ஒருத்தர் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பது போல.

ரம்பொடை

2000-ஐ 0.217-ஆல் வகுத்தால் 9216 மணி நேரம், 384 நாள். ஒரு வருஷத்துக்கு மேல். கிழங்குப் போகம் மூன்று, மூன்றரை மாதம். இதற்கு மேல் எதற்கு மெனக்கெட வேண்டும்? பெட்டியை மூடிவிட்டுத் தூங்கு மச்சான்.

கந்தப்பளைக் கரட்

ஒரு பெட்டி என்றால் அப்படியே விட்டுவிடுவேன். ஆறு வைக்கப் போகிறேன். ஆறு 18650, ஆறு சார்ஜர் போர்ட் என்று வாங்க முடியாது. கடையில் கிடைக்கும் ‘9900’ என்று அச்சடித்த செல்களை நம்பவும் முடியாது, அந்த அளவு செல்லில் 3500-ஐத் தாண்டினாலே பெரிய விஷயம். என் யோசனை: ஒரு துண்டு பிவிசி குழாய், இரண்டு பக்கமும் மூடி, உள்ளே இரண்டு டிரிபிள்-ஏ அல்கலைன். ரெகுலேட்டரே இல்லாமல் நேராக.

பூண்டுலோயாப் பொண்ணு

அண்ணா, அப்படியென்றால் மைக்ரோ ஆம்பியரைப் பார்க்கும் முன் வோல்டைப் பாருங்கள். எம்சிபி4725 வேலை செய்ய ஆகக் குறைந்தது 2.7 வோல்ட் வேண்டும். புது அல்கலைன் இரண்டு சேர்ந்தால் 3.1 போல இருக்கும், சீக்கிரமே 2.7-க்குக் கீழே இறங்கி, பிறகு 2.4, 2.2 என்று நெடுநாள் மெதுவாக ஓடும். அந்த நெடுநாள்தான் பேட்டரியின் பெரும்பங்கு. 2.7-இல் நின்றுபோகிற சிப்பைப் போட்டால் பாதிக்கு மேல் சக்தி இருக்கும்போதே பேட்டரியைத் தூக்கி எறிய வேண்டும். “லோ பவர்” என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கும் டிஏசிகளில் பல இந்தப் பரீட்சையில் ஃபெயில்.

எனக்குத் தெரிந்தவை: எல்டிசி1662, 10 பிட் (அதாவது 1024 படி), உள்ளே இரண்டு டிஏசி, ஒன்றுக்கு 1.5 மைக்ரோ ஆம்பியர். அருமையான எண். ஆனால் அதுவும் 2.7-க்கு மேல்தான். டிஏசி7311, 12 பிட், 2 வோல்ட் வரை இறங்கும், 80 மைக்ரோ. மேக்ஸ்5531 என்று ஒன்று, 12 பிட், 1.8 வோல்ட், சில மைக்ரோ ஆம்பியர்தான். கரண்ட், வோல்ட் இரண்டிலும் பாஸாவது அது ஒன்றுதான்.

கந்தப்பளைக் கரட்

தங்கச்சி, மேக்ஸ்5531 தேடினேன். விலையைப் பார்த்துப் பக்கத்தை மூடிவிட்டேன். படத்தில் கால்களே வெளியே தெரியவில்லை, என்னிடம் இருப்பது தடித்த முனை சோல்டரிங் அயர்ன். டிஏசி7311 மிளகு விதையை விடச் சின்னது.

பதினாறு பிட்

எல்லாரும் 12 பிட்டில் நிற்கிறீர்கள். டிஏசி8411 போடுங்கள், 16 பிட், அதே குடும்பம், 2 வோல்ட்.

ரம்பொடை

பன்றிக்கு 16 பிட்டா? நடையில் சுருதி பார்க்கப் போகிறாயா?

சோல்டர் சேர்

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், பிட் கணக்கைப் போட்டே பார்ப்போம். 3 வோல்டில் 8 பிட் என்றால் ஒரு படி 11.7 மில்லி வோல்ட். 12 பிட் என்றால் 0.73. கரட் தம்பி, மழைக்கும் வெயிலுக்கும் நீங்கள் எல்லையை எவ்வளவு நகர்த்துகிறீர்கள்?

கந்தப்பளைக் கரட்

வெயிலில் 0.15 வோல்ட், தூறலில் 0.4, கொட்டும் மழையில் 0.9. நடுவில் ஒன்றிரண்டு படிகள். மொத்தம் ஆறு.

சோல்டர் சேர்

அப்போது 8 பிட்டே ஆடம்பரம். சரி, இன்னொரு கேள்வி. நாள் முழுக்க அந்த டிஏசி என்ன வேலை செய்கிறது? மழை மாறும்போது ஒரு எண்ணை வாங்குகிறது. மற்ற நேரமெல்லாம் ஒரு வோல்டேஜைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிறது. அதற்குத்தான் 210 மைக்ரோ சம்பளம். கம்பரேட்டரோ அந்தக் காலில் கரண்டே இழுப்பதில்லை, பிகோ ஆம்பியர் கணக்கு. பிடித்துக்கொண்டு நிற்கிற வேலைக்கு ஒரு கெபாசிட்டர் போதாதா? டிஏசியை எட்டு செக்கனுக்கு ஒரு தடவை எழுப்பி, கெபாசிட்டரை நிரப்பிவிட்டு, திரும்பத் தூங்க வைக்கலாம். தூங்கும்போது எம்சிபி4725 வெறும் 60 நானோ ஆம்பியர்.

கசிவு 1 நானோ ஆம்பியர் என்று வையுங்கள், கெபாசிட்டர் 1 மைக்ரோ ஃபரட் என்றால் செக்கனுக்கு 1 மில்லி வோல்ட் இறங்கும். எட்டு செக்கனில் 8. உங்கள் 0.15-க்கு அது ஒன்றுமே இல்லை.

பூண்டுலோயாப் பொண்ணு

சேர், ஒரு சின்னத் தடை. எம்சிபி4725 தூங்கும்போது அவுட்புட்டை அந்தரத்தில் விடாது. உள்ளே ஒரு ரெசிஸ்டர் வழியாக நிலத்தோடு கட்டிவிடும்: 1 கிலோ ஓம், 100 கிலோ, 500 கிலோ என்று மூன்றில் ஒன்று நாம் தேர்ந்தெடுக்கலாம், எதையும் கட்டாமல் விடும் வழி இல்லை. 500 கிலோ ஓமும் 1 மைக்ரோ ஃபரட்டும் சேர்ந்தால் அரை செக்கன்தான். எட்டு செக்கன் வரும் முன் கெபாசிட்டர் காலி. நடுவில் ஒரு அனலாக் சுவிட்ச் வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அந்த சிப்பில் ஈஈப்ரொம் (கரண்ட் போனாலும் அழியாத நினைவகம்) இருக்கிறது. பலர் கொடுக்கும் லைப்ரரியில் எண்ணை எழுதும்போதே ஈஈப்ரொமிலும் எழுதச் சொல்லும் ஒரு தெரிவு உண்டு. அதைத் தவறி ‘ஆம்’ என்று விட்டால், பத்து லட்சம் தடவை எழுதலாம் என்பதுதான் கணக்கு. எட்டு செக்கனுக்கு ஒரு தடவை என்றால் 92 நாளில் பத்து லட்சம் முடிந்துவிடும்.

ரம்பொடை

கிழங்கு தோண்டுகிற வாரம் சரியாகச் செத்துவிடும். பன்றியே சொல்லிக் கொடுத்தது போல.

சோல்டர் சேர்

பொண்ணு சொன்னது சரி, அந்த ரெசிஸ்டரை நான் மறந்துவிட்டேன். அனலாக் சுவிட்ச் போடுவதென்றால் டிஏசியே எதற்கு என்று இப்போது தோன்றுகிறது. ஏடிமெகாவின் ஒரு காலில் பிடபிள்யூஎம் (வேகமாக ஆன்-ஆஃப் அடிக்கும் அலை), அங்கிருந்து 10 கிலோ ஓம், பிறகு 1 மைக்ரோ ஃபரட். சில பத்து மில்லி செக்கன் ஓட விட்டு, அந்தக் காலை இன்புட்டாக மாற்றிவிடுங்கள். இன்புட் கால் என்றால் அதுதான் திறந்த சுவிட்ச். ஒரு ரெசிஸ்டர், ஒரு கெபாசிட்டர், வேறு சாமான் இல்லை.

4 மெகாஹெர்ட்ஸில் 8 பிட் பிடபிள்யூஎம் 15.6 கிலோஹெர்ட்ஸ் வரும். இந்த ஆர்சி (ரெசிஸ்டர்-கெபாசிட்டர் சோடி) 10 மில்லி செக்கன். சிற்றலை ஆக மோசமான இடத்தில் 5 மில்லி வோல்டுக்குள், அரைப் படிதான். வேகத்தை 4 மெகாவுக்கு மேல் வைக்காதீர்கள், 1.8 வோல்டில் அந்த சிப்புக்கு அதுதான் எல்லை. ப்ரவுன்-அவுட் காவலை (வோல்ட் குறைந்தால் சிப்பை நிறுத்துவது) தூக்கத்தில் அணைக்கவும், இல்லாவிட்டால் அதுவே 20 மைக்ரோ வாங்கும்.

பூண்டுலோயாப் பொண்ணு

பிடபிள்யூஎம்மின் உயரம் பேட்டரி வோல்டேஜ் என்பதை மறக்க வேண்டாம். (எம்சிபி4725-க்கும் இதே கதைதான், அதற்குத் தனி ரெஃபரன்ஸ் இல்லை, தன் சப்ளையையே அளவுகோலாக எடுக்கும்.) புது பேட்டரியில் 3 வோல்டுக்கு 0.4 என்று வைத்த எண், 2.2-க்கு இறங்கியதும் 0.29 ஆகிவிடும். பியசோவுக்குப் பேட்டரி பற்றித் தெரியாது, அது அதே வோல்டைத்தான் தரும். அதனால் வருஷக் கடைசியில் பெட்டி சும்மா சும்மா கத்தும். ஏடிமெகாவுக்குள் 1.1 வோல்ட் ரெஃபரன்ஸ் இருக்கிறது. அதை ஏடிசியில் (வோல்டை எண்ணாக மாற்றும் பகுதி) அளந்தால் பேட்டரி எவ்வளவு என்று திரும்பக் கணக்கிடலாம். ஒரு நாளைக்கு ஒரு தடவை அளந்து எண்ணைத் திருத்தினால் போதும்.

கந்தப்பளைக் கரட்

செய்துவிட்டேன். மேசையில் எல்லாம் சேர்த்து 6.5 மைக்ரோ ஆம்பியர்!! அதில் பெரும்பகுதி வாட்ச்டாக் டைமர், எட்டு செக்கனுக்கு ஒரு தடவை சிப்பை எழுப்புவது. ஆயிரம் மில்லி ஆம்பியர் மணி டிரிபிள்-ஏ என்றால் பதினேழு வருஷம் என்று கால்குலேட்டர் சொல்கிறது.

சோல்டர் சேர்

கால்குலேட்டர் சொல்லும். பேட்டரி அதற்குள் தானாகவே செத்துவிடும், அதற்கும் முன்னால் ஒழுகும். கிழங்கு தோண்டும்போது மாற்றிவிடுங்கள்.

அளந்தது எப்படி? மைக்ரோ ரேஞ்சில் மீட்டரை வைத்தால் சிப் விழிக்கும் நொடியில் மீட்டருக்குள்ளேயே வோல்ட் விழுந்து ரீசெட் ஆகுமே.

கந்தப்பளைக் கரட்

ஆனது சேர், இரண்டு தடவை. பிறகு 100 ஓம் தொடராகப் போட்டு, பெட்டிப் பக்கம் 1000 மைக்ரோ ஃபரட் வைத்து, ரெசிஸ்டரின் குறுக்கே மில்லி வோல்டில் பார்த்தேன். 0.65 காட்டியது.

ஹப்புத்தளை மூடுபனி

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மேசையில் 6.5 சரி. அதை வெளியே வைத்தீர்களா? கெபாசிட்டர் என்ன வகை?

கந்தப்பளைக் கரட்

இன்று இரவு வைக்கிறேன் அண்ணே. கெபாசிட்டர் செராமிக், எக்ஸ்7ஆர்.

ஹப்புத்தளை மூடுபனி

அதை மாற்றிவிடுங்கள். எக்ஸ்7ஆர் செராமிக்கும் ஒரு வகையில் பியசோதான், தட்டினால் வோல்ட் வரும். அதிர்வைக் கேட்கிற பெட்டியில் எல்லை வோல்டேஜே அதிர்ந்தால் என்ன ஆகும்? ஃபிலிம் கெபாசிட்டர் போடுங்கள். எலக்ட்ரோலிடிக் வேண்டாம், கசிவு அதிகம்.

கந்தப்பளைக் கரட்

நேற்று இரவு கூத்து. பத்து மணி வரை சத்தமே இல்லை. பதினொன்றுக்கு மூடுபனி இறங்கியது, மழை இல்லை, காற்று இல்லை. பெட்டி கத்தத் தொடங்கியது. அப்பா டோர்ச்சை எடுத்துக்கொண்டு போனார், ஒரு முயல் கூட இல்லை. நான் ஜன்னலில் நின்று எண்ணினேன். ஏறக்குறைய எட்டு செக்கனுக்கு ஒரு தடவை கத்துகிறது. கெபாசிட்டரை மாற்றியது பிழையா?

ஹப்புத்தளை மூடுபனி

இல்லை, கெபாசிட்டர் சரி. அந்த எட்டுதான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. நிரப்பிய உடனே எல்லை சரியாக இருக்கிறது, எட்டு செக்கன் முடியும் தறுவாயில் இறங்கிப் போய்விடுகிறது, அப்போது சின்ன அதிர்வுக்கே கம்பரேட்டர் திரும்புகிறது. அடுத்த நிரப்பலில் மறுபடி சரியாகிறது.

சிப்பின் கசிவு குளிரில் குறையும், பத்துப் பாகை இறங்கினால் ஏறக்குறைய பாதி. அந்த வகையில் நுவரெலியா குளிர் நமக்குச் சொந்தக்காரன். ஈரம் எதிரி. 1 மைக்ரோ ஃபரட்டை எட்டு செக்கனில் 0.5-இலிருந்து 0.4-க்கு இறக்க 40 மெகா ஓம் போதும். போர்டின் மேல் சோல்டர் ஃபிளக்ஸ் பிசின் கொஞ்சம், அதன் மேல் பனி ஈரம் கொஞ்சம், 40 மெகா ஓம் தயார். எங்கள் பக்கம் பின்னேரம் மூன்று மணிக்கே மேகம் வீட்டுக்குள் வரும், இந்தப் பாடத்தை நான் நிறைய போர்டுகளைப் பலி கொடுத்துப் படித்தேன்.

ஐசோபுரோப்பைல் ஊற்றிப் பழைய பல் துலக்கும் தூரிகையால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகு, நிறமில்லாத நகப்பூச்சு இரண்டு கோட். கெபாசிட்டரின் கால், கம்பரேட்டரின் கால், 10 கிலோ ஓம், இந்த மூன்றும் சந்திக்கும் இடம் முக்கியம். முடிந்தால் அந்தச் சந்திப்பைப் போர்டிலேயே தொடாமல் காற்றில் நிறுத்திக் கட்டுங்கள். குழாய்க்குள் ஒரு பொட்டலம் சிலிக்கா ஜெல்.

பூண்டுலோயாப் பொண்ணு

இந்த இடத்தில் டிஏசி சிப்புக்காக ஒரு வார்த்தை பேசுகிறேன். அது கரண்ட் வாங்குகிறது என்று எல்லாரும் திட்டினோம். ஆனால் அது அந்த வோல்டேஜைச் சில ஓம் பலத்தோடு பிடித்து வைக்கும், 40 மெகா ஓம் ஈரமெல்லாம் அதை அசைக்காது. மேக்ஸ்5531 மாதிரி ஒன்றுக்கு அந்த விலை அதற்குத்தான். நகப்பூச்சு தோற்றால் அதற்குத்தான் போக வேண்டும்.

பதினாறு பிட்

என் பக்கமும் கேளுங்கள். நான் வேலை செய்யும் இடத்தில் கொழுந்து வாட்டுகிற மாடியில் ஈரப்பத அளவியை 4-20 மில்லி ஆம்பியர் லூப்பில் (அளவைக் கரண்டாக அனுப்பும் முறை) செய்கிறேன். இரண்டே கம்பி, சென்சரும் டிஏசியும் கம்ப்யூட்டரும் எல்லாம் அந்த 4 மில்லிக்குள் வாழ வேண்டும். பேட்டரி இல்லாவிட்டாலும் பேட்டரி வாழ்க்கைதான். அங்கே 16 பிட் வேண்டும்.

சோல்டர் சேர்

16 மில்லி ஆம்பியரை 4096-ஆல் வகுத்தால் ஒரு படி 3.9 மைக்ரோ. ஈரப்பதத்தில் 0.024 சதவீதம். உங்கள் சென்சரின் பிழை எத்தனை சதவீதம்?

பதினாறு பிட்

இரண்டு.

சோல்டர் சேர்

சரி.

கந்தப்பளைக் கரட்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். கழுவி, இரண்டு கோட் பூசி, நாலு பெட்டி வைத்தாயிற்று. நகப்பூச்சு என் சொந்தத் தங்கச்சியுடையது, வீட்டில் சண்டை நடந்தது. பனி இரவுகளில் ஒரு தடவை கூடச் சும்மா கத்தவில்லை. எட்டு செக்கனில் எல்லை 4 மில்லி வோல்ட் இறங்குகிறது, காலை ஐந்து மணிக்கு அளந்தது. போன செவ்வாய் இரவு ஒன்றரைக்கு மூன்றாவது பெட்டி கத்தியது, காலையில் பார்த்தால் வேலி ஓரத்தில் குளம்புத் தடம், பாத்திக்கு இரண்டு முழம் முன்னால் திரும்பியிருக்கிறது. மழை கனக்கும்போது தானாக 0.9-க்கு ஏறுகிறது, விட்டு இருபது நிமிஷத்தில் இறங்குகிறது. மற்ற இரண்டு பெட்டிக்குக் குழாய் மூடி கிடைக்கவில்லை.

குறை ஒன்று: முள்ளம்பன்றி. தூறலில் எல்லை 0.4-இல் இருக்கும்போது அது நடந்து வந்து நாலு கிழங்கு தின்றுவிட்டுப் போகிறது, பெட்டி வாயே திறப்பதில்லை. அதன் நடை தூறலை விட மெல்லிசு.

பூண்டுலோயாப் பொண்ணு

அதற்கு எல்லையை இறக்கிப் பயனில்லை அண்ணா, தூறலும் சேர்ந்து வரும். இறக்கிவிட்டு அடிகளின் இடைவெளியை எண்ணுங்கள், துளி ஒழுங்கில்லாமல் விழும், நடை ஒரே தாளத்தில் வரும். ஆனால் ஒவ்வொரு துளிக்கும் சிப் விழிக்கும், உங்கள் 6.5 போய்விடும். எவ்வளவு ஆகிறது என்று ஒரு தூறல் இரவில் அளந்துவிட்டு எழுதுங்கள்.

கந்தப்பளைக் கரட்

இன்றைக்கே தூறுகிறது. 100 ஓம் ரெசிஸ்டரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.